பென்னாகரம் பக்கம் உயரமான பழைய சைக்கிள் கிடைக்குமா?

வணக்கம். ஜெர்மனியிலிருந்து வந்த பெண் ஒருத்தி எங்கள் வீட்டில் தங்கி, ஊர்ப் பள்ளியில் தன்னார்வலராக இருக்கிறாள். சாப்பாட்டில் பிரச்சினை இல்லை. முதல் நாள் ராகிக் களியை மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தவள், இப்போது கீரைக் கடைசலில் தோய்த்து அப்படியே விழுங்குகிறாள். அம்மாவுக்கு அதில் தனிப் பெருமை!

சிக்கல் சைக்கிள்தான். ஆள் ஆறடி. தங்கையின் சைக்கிளில் சீட்டை முழுசாகத் தூக்கியும் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது. தர்மபுரி, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் பக்கம் யாரிடமாவது பழைய 24 இன்ச் ஃபிரேம் சைக்கிள் (சக்கர அளவு இல்லை) சும்மா கிடக்கிறதா? பார் வைத்தது என்றாலும் சரி, காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிடுவாள். 2,500 ரூபாய் வரை தரலாம். துரு இருந்தால் பரவாயில்லை, பிரேக் மட்டும் பிடிக்கணும். எங்கள் தெருவே இறக்கம். இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.