லேபர் கேஸ்ல இருந்து மீடியேஷன் பக்கம் போனவங்க இருக்கீங்களா?

வணக்கம் தோழர்களே. அம்பத்தூர் பக்கம் லேபர் கேஸ் மட்டும்தான் பார்க்குறேன், எல்லாமே யூனியன் சைடு. இப்போ மீடியேட்டர் (ரெண்டு தரப்பையும் பேச வெச்சு சமரசம் பண்றவர்), ஆர்பிட்ரேட்டர் (கோர்ட்டுக்கு வெளிய கேட்டு தீர்ப்பு சொல்றவர்)னு முழுசா மாறிடலாமான்னு யோசனையா இருக்கு. சமீபத்துல வேலைய விட்டு தூக்கின ஒரு வெல்டர் அண்ணனுக்காக மேனேஜ்மென்ட்கூட உட்கார்ந்து பேசினோம், அவரு பாக்கி சம்பளத்தைக்கூட விட்டுடுறேன் சார், ஆர்டர்ல திருட்டுன்னு போட்டிருக்கீங்களே அத மட்டும் எடுத்துடுங்க, பொண்ணுக்கு வரன் பார்க்குறோம்னாரு, ஹெச்ஆர் பேனாவ மூடி வெச்சுட்டு அவரையே பார்த்தாரு, அன்னைக்கே முடிஞ்சுது. கோர்ட்டுன்னு போயிருந்தா வருஷக்கணக்குல இழுத்திருக்கும்.

ஹைகோர்ட் மீடியேஷன் சென்டர் 2005ல இருந்தே இருக்கு, 2023ல தனிச் சட்டமே வந்தாச்சு. ஆனா லேபர் மேட்டர் நிஜமா அங்க வருதா? மீடியேட்டருக்கான 40 மணி நேர டிரெய்னிங் முடிச்சவங்க, அதுக்கப்புறம் சென்டரோட மீடியேட்டர் பேனல்ல எப்படி சேர்ந்தீங்க, வருமானம் கட்டுப்படியாகுதா?

எல்லாத்தவிட பெரிய கவலை, இத்தனை வருஷம் யூனியனுக்காக நின்ன ஆள மேனேஜ்மென்ட் பொது ஆளுன்னு ஏத்துக்குமா, யூனியன் தோழர்கள் கட்சி மாறிட்டான்னு நினைப்பாங்களா? பழைய தொழில் தகராறு சட்டத்துல 12(3) (லேபர் ஆபீசர் சமரசத்துல போடுறது), 18(1) (ரெண்டு தரப்பும் நேரடியா போடுறது) ஒப்பந்தமெல்லாம் போட்டு அனுபவப்பட்ட சீனியர்கள் கொஞ்சம் விவரமா சொல்லுங்க, போன்ல பேசவும் ரெடி.