விமான ரேடியோல தப்பா காதுல விழுந்த கதைகள், உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

டவர்தாத்தா:
ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, இனிமே யாரும் மெமோ குடுக்க முடியாது, அதான் தைரியமா எழுதுறேன். தெற்குப் பக்கம் ஒரு ஏர்போர்ட், இறங்க வர்ற ஃப்ளைட்டுக்கு வழி சொல்ற அப்ரோச் கன்ட்ரோல்ல நைட் டூட்டி, ஐப்பசி மழை வேற. ஏழெட்டு ஃப்ளைட்டு ஒரே நேரத்துல மேகத்தைச் சுத்திப் போக வழி கேட்டுக்கிட்டு இருக்கு. அதுல ஒரே கம்பெனி ஃப்ளைட் ரெண்டு, ஒண்ணு 437, இன்னொண்ணு 473. நான் 437-ஐ எட்டாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னேன். பதில் வந்துச்சு, ஆனா கூடவே "கீ..."ன்னு ஒரு சத்தம். ரெண்டு பேர் ஒண்ணா மைக் பட்டனை அமுக்கினா அப்படித்தான் வரும். கடைசில "எய்ட் தவுசண்ட்" மட்டும் தெளிவா விழுந்துச்சா, சரி திருப்பிச் சொல்லிட்டான்னு நான் அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டேன்.

அந்த கீ-க்குள்ள 473-ம் இருந்தான். தனக்குத்தான் சொன்னாங்கன்னு அவனும் இறங்க ஆரம்பிச்சிட்டான். பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்த சீனியர், ஸ்கிரீன்ல அவனோட உயரம் குறையிறதைப் பாத்துட்டு "யோவ் 473 ஏன்யா இறங்குறான்"னு கத்துனார், உடனே நிறுத்திட்டோம். நடுவுல எவ்ளோ இடைவெளி மிச்சம் இருந்துச்சுன்னு எழுத மாட்டேன், வீட்டம்மாவும் இதைப் படிப்பாங்க.

1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனெரிஃப் தீவுல நடந்ததும் இதே கீ தான். ரன்வே முழுக்க பனிமூட்டம், டவர்ல இருக்கறவருக்கு கேஎல்எம், பான் ஆம்னு ரெண்டு கம்பெனியோட ஜம்போ விமானமும் கண்ணுக்குத் தெரியல. கேஎல்எம் பைலட் "நாங்க இப்போ டேக்ஆஃப்ல இருக்கோம்"கிற மாதிரி ஒண்ணு சொன்னாரு, நிக்கிறோம்னு சொல்றாரா ஓடுறோம்னு சொல்றாரான்னே புரியாத வாக்கியம். டவர் "ஓகே"ன்னு சொல்லி ஒரு ரெண்டு செகண்ட் விட்டு "காத்திருங்க, கூப்பிடுறேன்"னு சொல்ல, அதே நேரத்துல பான் ஆம்காரங்க "நாங்க இன்னும் ரன்வேலதான் இருக்கோம்"னு சொல்ல, கேஎல்எம் காக்பிட்ல தெளிவா விழுந்தது அந்த ஓகே மட்டும். மிச்சமெல்லாம் சத்தத்துல போச்சு. ரெண்டும் மோதி 583 பேர் செத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் "டேக்ஆஃப்"ங்கிற வார்த்தையை நிஜமா கிளம்பச் சொல்லும்போதும், அதை ரத்து பண்ணும்போதும் மட்டும் சொல்லணும், மத்த நேரத்துல "டிபார்ச்சர்"னுதான் சொல்லணும்னு ஆச்சு. ட்ரெய்னிங்ல எங்கிட்ட ஓகே சொன்ன பசங்க எல்லாம் திட்டு வாங்கியிருக்காங்க.

வலதுசீட்டு:
ஐயா, காக்பிட் பக்கத்துலேருந்து ஒண்ணு. கோ-பைலட்டா சேர்ந்த முதல் வருஷம், இடது பக்கம் இருந்தவரு நான் பொறக்குறதுக்கு முன்னாடியே பறக்க ஆரம்பிச்சவரு. அந்த ரூட்ல ஒரு இடத்துல தினமும் 260-க்கு, அதாவது 26,000 அடிக்கு, ஏறச் சொல்லுவாங்க. அன்னிக்கு கன்ட்ரோலர் வேகமா ஏதோ சொன்னாரு, எனக்கு பாதிதான் புரிஞ்சுது, கேப்டன் கை பழக்கத்துல 260-ன்னு டயலைத் திருப்பிடுச்சு. எனக்கு டவுட்டு. ஆனா "சே அகெய்ன்", திரும்பச் சொல்லுங்கன்னு கேட்டா இவரு என்னைப் பத்தி என்ன நினைப்பாரு, காதே கேக்காத பையன்னு நினைச்சிட்டா? அதனால 260-ன்னே வேகமா திருப்பிச் சொல்லிட்டேன். நல்லவேளை அந்தப் பக்கம் கன்ட்ரோலர் முழிச்சிட்டு இருந்தாரு, "நெகட்டிவ், 240"-ன்னு நிறுத்தி நிதானமா சொன்னாரு. கேப்டன் திட்டல, "கேக்கறதுக்கு என்ன காசா பணமா தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கு திட்டியிருக்கலாம்.

அப்புறம்தான் ஏவியாங்கா 52 பத்திப் படிச்சேன். 1990 ஜனவரி 25, கொலம்பியாலேருந்து நியூயார்க் போன ஃப்ளைட்டு. மோசமான வானிலைன்னு மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல வானத்துலயே சுத்த விட்டாங்க. ஃப்யூல் தீருது, கேப்டன் எமர்ஜென்சின்னு சொல்லச் சொல்றாரு, கோ-பைலட் "சொல்லிட்டேன்"ங்கிறாரு. ஆனா ரேடியோல அவரு சொன்னது முன்னுரிமை வேணும்னு, அப்புறம் ஃப்யூல் தீர்ந்துட்டு வருது "சார்"னு. உயிருக்கு ஆபத்துன்னு கூப்பிடுற "மேடே"வும் இல்ல, எமர்ஜென்சியும் இல்ல. அந்த சார்தான் என்னைப் போட்டு உலுக்கிடுச்சு, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். லாங் ஐலண்ட்ல விழுந்து 73 பேர் செத்துட்டாங்க.

கிள்ளான்காரன்:
நான் பைலட்டும் இல்ல கன்ட்ரோலரும் இல்ல, மலேசியாவுல சுபாங் ஏர்போர்ட் பக்கமே வளர்ந்தவன், எங்க வீட்ல இந்தக் கதை ஓடிக்கிட்டே இருக்கும். 1989 பிப்ரவரி 19, ஃப்ளையிங் டைகர் சரக்கு ஜம்போ சிங்கப்பூர்லேருந்து சுபாங் வருது. கன்ட்ரோலர் 2,400 அடிக்கு இறங்கச் சொல்றாரு, ஆனா சொன்ன விதம் "டூ ஃபோர் ஜீரோ ஜீரோ". காக்பிட்ல அந்த "டூ"வை இரண்டுன்னு எடுத்துக்கல, இங்கிலீஷ் "to"ன்னு, அதாவது "நானூறுக்கு"ல வர்ற அந்த "க்கு"ன்னு எடுத்துக்கிட்டாங்க. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னு திருப்பியும் சொல்லிட்டாங்க, அதை யாரும் திருத்தல. காக்பிட்ல தரை பக்கத்துல வந்துடுச்சுன்னு அலாரம் வேற அடிச்சிருக்கு. மலை 437 அடி. நாலு பேரும் போயிட்டாங்க. தமிழ்ல ரெண்டாயிரத்து நானூறுன்னு சொல்லியிருந்தா இந்தக் குழப்பமே கிடையாதுன்னு அப்பா சொல்லுவாரு.

டவர்தாத்தா:
அப்பாகிட்ட தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் இரைச்சல்ல சொல்லிக் காட்டுங்க தம்பி, அப்புறம் பேசலாம் 😄

ஆமா, ஓகே திரும்ப வந்துடுச்சு பாத்தீங்களா. "ரோஜர்"ம் அப்படித்தான், கேட்டுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், செய்றேன்னு இல்ல.

ஒண்ணு விட்டுட்டேன். 1996 நவம்பர் 12, டெல்லி பக்கத்துல ஹரியானாவோட சர்கி தாத்ரி, ரெண்டு விமானம் வானத்துல மோதி 349 பேர் செத்துட்டாங்க. கசகஸ்தான் விமானம் 15,000 அடியோட நிக்கணும், எதிர்ல சவுதி ஜம்போ 14,000. எதிர்ல ஆள் வருதுன்னு டெல்லிலேருந்து சொல்லியிருக்காங்க, கசக் விமானத்துல ரேடியோ பேசுறதுக்குன்னே தனி ஆள், அவரும் பதில் சொல்லியிருக்காரு, ஆனா விமானம் 15,000-க்கு கீழ இறங்கிட்டே இருந்துருக்கு. எங்க சீனியர் பாத்து கத்துனாரே ஸ்கிரீன்ல ஒரு நம்பர், அன்னிக்கு டெல்லி ரேடார்ல அது கிடையாது. விமானம் எங்க இருக்குன்னு புள்ளி தெரியும், எவ்ளோ உயரத்துலன்னு தெரியாது.

வலதுசீட்டு:
ஐயா, அந்த 473 பைலட் அப்புறம் பேசினாரா?

டவர்தாத்தா:
இறங்கினதும் ஃபோன் பண்ணினான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "ஸாரி"ன்னு ஆரம்பிச்சோம், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கேக்கல.