டி.எஸ்.ஆர். ஏன் மூழ்கியது? 500 பெட்டி அடிக்கும் முன் ஒரு சந்தேகம்

செக்காலைப் பகடை:
காரைக்குடியில் நாலு பேர் சேர்ந்து தமிழில் ஒரு ரோல்-பிளே கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை ஆடுவது) போடுகிறோம். 64 பக்க விதிப் புத்தகம், வரைபடம், ஏழு பகடை. சிவகாசியில் 500 அடித்தால் பெட்டி ஒன்றுக்கு ரூ.380 அடங்குகிறது. விலை ரூ.900. மதுரை, திருச்சி, சென்னைக் கடைகளுக்கு 40 சதவீதக் கழிவு; விற்காததைத் திருப்பி அனுப்பலாம். இந்த வகை ஆட்டத்தில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் போட்ட அமெரிக்கக் கம்பெனி டி.எஸ்.ஆரே கடனில் போனதாமே? அத்தனை பேர் ஆடியுமா? பர்மாக் கப்பல் உலகம், பேய் பங்களா உலகம் என்று இரண்டு துணைப் பெட்டிகளையும் சேர்த்து அடிக்க யோசனை.

கானாடுகாத்தான் கணக்கு:
தம்பி, ஆட்டக்காரர் எண்ணிக்கையில் கோளாறு இல்லை, அனுப்பின சரக்கை விற்ற சரக்காக நினைத்ததில்தான் கோளாறு. புத்தகக் கடைகளுக்கு அவர்கள் சரக்கு போனது ராண்டம் ஹவுஸ் என்ற பெரிய பதிப்பகத்தின் வழியாக. சரக்கு அங்கே போய்ச் சேர்ந்ததுமே பணம் வந்துவிடும். ஆனால் அது முன்பணம். கடையில் தங்கியது திரும்பினால் அந்தத் தொகை அப்படியே கடன். கையில் காசு குறைகிற போதெல்லாம் இன்னொரு புத்தகம் அடித்து அனுப்பினால் உடனே பணம். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாத சங்கதி. 1995-இல் வந்த டிராகன் டைஸ் என்ற அவர்களுடைய பகடை ஆட்டம் முதலில் நன்றாகப் போனது. அதை நம்பித் துணைப் பொதிகளை அளவுக்கு மீறிச் செய்தார்கள். 1996-இல் அதுவும் கதைப் புத்தகங்களும் மூட்டை மூட்டையாகத் திரும்பின. கடன் 3 கோடி டாலரைத் தாண்டியது. பாக்கி நின்றதால் அச்சகம் கையை விரித்தது. அச்சு நின்றால் கடனடைக்கச் சரக்கு ஏது? 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற இன்னொரு ஆட்டக் கம்பெனி டி.எஸ்.ஆரை வாங்கிக்கொண்டது.

இனி உங்கள் கணக்கு. கழிவு போகக் கையில் ரூ.540. முதல் ரூ.1,90,000. அதை எடுக்கவே 352 பெட்டி விற்க வேண்டும். 150 திரும்பினால் ஆயிரம் ரூபாய் நட்டம். லாரி வாடகை, மூலை நசுங்கிய பெட்டி தனி. கடைக்குப் போனதைப் பேரேட்டில் உங்கள் இருப்பாகவே எழுதுங்கள், காசு வந்த அன்று வரவு வையுங்கள்.

தேவகோட்டைத் தாயம்:
அண்ணே, டி.எஸ்.ஆரைத் தொடங்கியவர்களில் ஒருவரான கைகாக்ஸை 1985-இல் வெளியே தள்ளி லோரைன் வில்லியம்ஸ் நிர்வாகத்துக்கு வந்ததுதானே சரிவின் ஆரம்பம்?

கானாடுகாத்தான் கணக்கு:
அப்படிச் சொல்வது சுலபம். அதற்கு முன்பே ஆள் எடுத்ததும் குறைத்ததும் மாறி மாறி நடந்தது. ஆட்டக் கம்பெனி பூத்தையல் கம்பெனி ஒன்றைக்கூட வாங்கியது!

தேவகோட்டைத் தாயம்:
சரி, உலகங்களுக்கு வருகிறேன். துணைப் பெட்டிகளை இப்போது தொடாதீர்கள். டி.எஸ்.ஆர். அடுத்தடுத்துப் போட்ட கதை உலகங்களைப் பாருங்கள்: ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் 1987, ஸ்பெல்ஜாமர் 1989, ரேவன்லாஃப்ட் 1990, டார்க் சன் 1991, பிளேன்ஸ்கேப் 1994, பர்த்ரைட் 1995. ஒவ்வொன்றும் அழகு, பிளேன்ஸ்கேப் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் அதே ஆள்தான். டார்க் சன் ஆடுகிறவருக்கு ரேவன்லாஃப்ட் புத்தகம் எதற்கு? ஆட்டக்காரர் கூறு கூறாகப் பிரிந்தார்கள். எழுத்து, ஓவியம், அச்சுத் தயாரிப்புச் செலவு மட்டும் ஒவ்வொரு உலகத்துக்கும் முழுசு. பேய் பங்களாவை எட்டுப் பக்கச் சாகசமாக முதல் பெட்டியிலேயே வையுங்கள்.

செக்காலைப் பகடை:
500-ஐக் குறைத்து 250 அடிக்கலாம் என்றால் பெட்டி ரூ.450 ஆகிறதே அண்ணே. நெருக்குகிறது.

கானாடுகாத்தான் கணக்கு:
நெருக்கட்டும். முதல் ரூ.1,12,500 தான், 209 விற்றால் வந்துவிடும். 352 விற்பதை விட 209 நடக்கிற காரியம். ஐம்பதை நேரடியாக ரூ.900-க்கே விற்றால் இன்னும் இளகும். 1974-இல் டி.எஸ்.ஆரின் முதல் பதிப்பே 1,000 பெட்டிதான், அதையும் வீட்டில் உட்கார்ந்து கையால்தான் அடுக்கினார்கள். நீங்களும் வளவில் நாலு பேர் உட்கார்ந்து அடுக்குங்கள், பெட்டி கட்டும் கூலி மிச்சம். 64 பக்கம் நாலு பாரம் (பாரத்துக்கு 16 பக்கம்), எட்டுப் பக்கம் கூட்டினால் அரைப் பாரம். நடுவில் பின் அடிக்கக் காகிதம் தடிமனாக வேண்டாம், புத்தகம் வாயைத் திறந்து நிற்கும். மறுபடி அடிக்க உதவும், அச்சு பிளேட்டை அழிக்காமல் வைக்கச் சொல்லிப் பில்லில் எழுதி வாங்குங்கள். பகடையை மட்டும் 250-க்குப் பதில் 260 செட் வாங்குங்கள், பையில் ஒன்று குறைந்து வருவது வழக்கம்.