பழைய கைமணிக்கூட்டின் உண்மையான விலை: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

கொக்குவில் உறுப்பினர்

அம்மப்பாவின் ஒமேகா கைமணிக்கூட்டை விற்று ஆறு வருடங்கள் ஆகின்றன, ஆனால் அந்தப் பின்னேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். பிரியாவிடையின்போது கந்தோரில் கொடுத்த மணிக்கூடு அது. சாவி கொடுக்கும் வகை, ஆறு மணி இடத்தில் சின்னச் செக்கன் வட்டம், பின்மூடியில் அவருடைய பெயரும் 1955 என்ற ஆண்டும் பொறித்திருக்கும்.

அம்மாவின் சத்திரசிகிச்சைக்கு அவசரமாகக் காசு தேவைப்பட்டதால் யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பின்மூடியை நெம்பித் திறந்து, உள்ளே இருந்த 375 என்ற இலக்கத்தையும் அருகிலிருந்த சின்ன நங்கூர முத்திரையையும் பார்த்துவிட்டு, "இது ஒன்பது கரட், தம்பி" என்றார். பிறகு இயந்திரத்தை முகப்போடு சேர்த்து வெளியே எடுத்து ஒரு பத்திரிகைத் துண்டின் மேல் வைத்துவிட்டு, வெறும் கூட்டைத் தராசில் போட்டார். ஒன்பது கிராம். எடையில் ஒரு பவுணுக்குக் கூடத்தான், ஆனால் நூற்றுக்கு முப்பத்தேழரைப் பங்குதான் பொன் என்பதால் அரைப் பவுண் விலைகூடத் தேறவில்லை. அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும், பத்திரிகைத் துண்டில் கிடந்த இயந்திரத்தில் செக்கன் முள் சுற்றிக்கொண்டே இருந்தது.

பொன்னுக்கு அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. அதை முழு மணிக்கூடாக விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

பருத்தித்துறை உறுப்பினர்

என்னுடையது வேறு விதமான இழப்பு. பெரியப்பாவின் ஒமேகா சீமாஸ்டர் 1960களைச் சேர்ந்தது. முகப்பு மஞ்சள் பூத்து, ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. விற்பதற்கு முன் அழகுபடுத்தினால் நல்ல விலை வரும் என்று நம்பி, முகப்பைக் கொழும்புக்கு அனுப்பிப் புதிதாகப் பூச்சுப் பூசுவித்தேன். பளபளவென்று திரும்பி வந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்திருந்த, பழைய மணிக்கூடு சேகரிக்கும் உறவினர் ஒருவர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, நேரே ஆறு மணிக்குக் கீழே பார்த்தார். பழைய முகப்பில் 'ஸ்விஸ் மேட்' என்ற எழுத்துகளின் இரு பக்கமும், இருட்டில் ஒளிரும் பூச்சில் திரித்தியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதைக் காட்டும் இரண்டு ஆங்கில 'ரீ' (T) எழுத்துகள் இருந்தன. புதிய பூச்சில் அவை இல்லை. மணிக்குறிகளின் நடுவே இருந்த கறுப்புக் கோடுகளும் பூச்சுக்குள் மறைந்துவிட்டன. அவர் மணிக்கூட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் புள்ளிகளோடு தந்திருந்தால் இரண்டு மடங்கு தந்திருப்பேன்" என்றார். பழைய முகப்பின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அளவெட்டி உறுப்பினர்

பருத்தித்துறைக்காரர் சொல்வது முற்றிலும் சரி. கொக்குவில் அண்ணை, நீங்கள் அளவுக்கு மீறி வருந்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெயர் பொறித்த மணிக்கூட்டைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் குறைத்தே கேட்பார்கள், ஏனென்றால் அந்தப் பெயர் வாங்குபவருடையது அல்ல.

என் அனுபவம் சிறியது. அப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த சீக்கோ மணிக்கூட்டை ஒருவர் 1968 ஆம் ஆண்டினது என்று சொல்லி விலை பேசினார். சீக்கோவின் பின்மூடித் தொடர் இலக்கத்தில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். எங்களுடையது 8 இல் தொடங்கியது உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த 6309 இயந்திரம் 1970களின் பிற்பகுதியில்தான் வந்தது, அப்பா 1982 இல் ஊர் திரும்பிவிட்டார், ஆகவே அது 1978 தான். ஒரே இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் பழையதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி விற்க நினைப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஆட்கள் கேட்கும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றைத் தனியே பிரித்துப் பார்க்கலாம், அதிலும் அதே இயந்திர இலக்கம், அதே கூடு, அதே நிலையில் உள்ள முகப்பு ஆகிய மூன்றும் பொருந்துவதோடு மட்டும் ஒப்பிடுங்கள். கூட்டை மினுக்கக் கொடுக்க வேண்டாம், விளிம்புகளின் கூர்மை போனால் திரும்பி வராது. பழைய ஒமேகாவின் பிளாஸ்டிக் கண்ணாடியில் நடுவே உருப்பெருக்கிக்கு மட்டும் தெரியும் ஒரு சின்ன ஒமேகா அடையாளம் இருக்கும், கீறல் விழுந்திருந்தாலும் அந்தக் கண்ணாடியை எறிந்துவிடாதீர்கள். 1960களுக்கு முற்பட்ட ஒளிர்பூச்சு, கதிரியக்கமுள்ள ரேடியமாக இருக்கக்கூடும், அதைச் சுரண்டுவது உடலுக்கு ஆபத்து. கொக்குவில் அண்ணை, உங்கள் அம்மப்பாவினது போன்ற நங்கூர முத்திரை பர்மிங்ஹாம் நகரில் பொன்னைச் சோதித்து இட்டது. பிரித்தானியச் சந்தைக்குப் போன ஒமேகாக்கள் பலவற்றுக்கு அங்கேயிருந்த டெனிசன் நிறுவனம்தான் கூடு செய்தது. முத்திரையோடு இருக்கும் ஆங்கில எழுத்து, எந்த ஆண்டு சோதித்தார்கள் என்பதைக் காட்டும். இவ்வளவும் கூட்டிலேயே எழுதியிருக்க, தராசு அதை வாசிக்காது.

சுன்னாகம் உறுப்பினர்

அளவெட்டி நண்பரின் ஒரு கருத்தை நான் மறுக்கிறேன். பொறிப்பு இருந்தால் விலை குறையும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 2017 ஒக்டோபரில் நியூயோர்க் ஏலத்தில் நடிகர் போல் நியூமனின் ரொலெக்ஸ் டேடோனா மணிக்கூடு 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் போனபோது, அதன் பின்மூடியில் 'கவனமாக ஓட்டுங்கள்' என்று அவர் மனைவி பொறிப்பித்த சொற்கள் இருந்தன. எங்கள் பெரியவர்கள் நடிகர்கள் அல்லர் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் மாமாவின் மலாயா ரயில்வே மணிக்கூட்டை, கோலாலம்பூரில் இருக்கும் தமிழர் ஒருவருக்குக் காணொளி அழைப்பில் காட்டினேன். அவர் இயந்திரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், பின்மூடியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்தெழுத்தாக வாசித்தார். அவருடைய தாத்தாவும் அதே ரயில்வேயில் இருந்தவராம். இங்கே எனக்குச் சொன்ன விலைகள் எல்லாவற்றையும் விடக் கூடுதலாக அவர் தந்தார்.

கொக்குவில் உறுப்பினர்

எல்லோருக்கும் நன்றி. அன்று கடையை விட்டு வரும்போது அந்தப் பத்திரிகைப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், இன்றுவரை அதை அம்மாவின் அலுமாரியில் வைத்திருக்கிறேன். நேற்றிரவு எடுத்துப் பார்த்தபோது, செம்பு நிற இயந்திரத்தில் 266 என்ற இலக்கமும் 14 இல் தொடங்கும் எட்டு இலக்கத் தொடர் எண்ணும் தெளிவாக இருந்தன. ஒமேகாவின் ஆண்டுப் பட்டியல்கள் 14 மில்லியனை 1954 அளவில் வைக்கின்றன, பொறித்திருந்த 1955 உடன் அது ஒத்துப்போகிறது. சாவித் திருகு கூட்டோடு போய்விட்டது. முகப்புக்கு யாரும் பூச்சுப் பூசவில்லை, ஆறு மணிக்குக் கீழே எழுத்துகள் தேயாமல் இருக்கின்றன. படங்களைச் சனிக்கிழமை போடுகிறேன். இதற்குப் பொருந்தும் டெனிசன் கூடு ஒன்று எங்காவது தனியாகக் கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள்.