அப்பா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார், வழி சொல்லுங்கள்

வணக்கம். பெரம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 67. மூன்று வாரமாக மெட்பார்மினைத் தொடுவதில்லை. சிறுகுறிஞ்சான் பொடியும் வெந்நீரும்தான். "மருந்து கம்பெனிக்காரன் நம்மைக் குணமாக விடமாட்டான்" என்கிறார். அந்தக் கோபம் முழுக்கத் தவறில்லை. மலிவு விலையில் விற்கும் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்தின் விலையைப் பார்த்த அன்று எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் நேற்று வெறும் வயிற்றில் சர்க்கரை 240. பயமாக இருக்கிறது. மெட்பார்மினின் பூர்விகமே ஐரோப்பாவின் ஒரு மூலிகைதான் என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை.

சித்த மருத்துவர் சொன்னால் கேட்பார். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனையிலோ சர்க்கரைக்குக் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? ஆங்கில மருந்தையும் சேர்த்துப் பார்ப்பார்களா? எத்தனை மணிக்குப் போகவேண்டும்? புதிய பொடிகளின் பெயர்களைத் தயவுசெய்து அனுப்பவேண்டாம்.