புதுப்பிப்பு: மாணவர்கள் செய்யும் மண் குவளைகளில் கைப்பிடி கழன்ற பிரச்சினை தீர்ந்தது

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சக்கரம் இல்லாமல் கையாலேயே செய்யும் குவளைகளில், காயும்போதே கைப்பிடி விரிசல் விட்டு விழுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "குவளை, கைப்பிடி இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்டுங்கள்" என்ற பதில்தான். களிமண் காயும்போது பொதுவாக 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். பாதி காய்ந்த குவளையில் புது மண்ணை ஒட்டினால் கைப்பிடி மட்டும் அதிகம் சுருங்கிப் பிய்த்துக்கொள்ளும். இப்போது குவளையையும் வளைத்த கைப்பிடியையும் ஒரே நாளில் செய்து, ஒரே பிளாஸ்டிக் பையில் மூடி வைக்கிறோம். தொட்டால் குளிர்ச்சியாக, அழுத்தினால் நசுங்காத பதம் வந்ததும், ஒட்டும் இடங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி அழுத்துகிறோம். அப்புறம் கைப்பிடி மேல் ஈரத்துணி. மெல்லிய பாகம் முந்திக் காயக் கூடாது. நன்றாக ஒட்டும் என்று சிலர் குழம்பில் வினிகர் சேர்ப்பார்கள்; அதனால் எங்கள் மண்ணில் வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்பாராதது ஒன்று: கைப்பிடி சரியானபின் சில குவளைகளின் அடியில் விரிசல். பலகையில் ஒட்டிக்கொண்ட அடிப்பாகம் சுருங்க வழியில்லாமல் பிளந்திருக்கிறது. அடியில் செய்தித்தாள் விரித்ததும் அதுவும் நின்றது.