தேம்ஸ் வாயில குண்டோட கெடக்குற அமெரிக்க கப்பல், ஏன் இன்னும் எடுக்கல?

ராத்திரி_ஆந்தை:
எஸ்எஸ் ரிச்சர்ட் மான்ட்கோமரினு ஒரு சரக்குக் கப்பல், 1944ல இங்கிலாந்து ஷியர்னஸ் பக்கம் தரைதட்டுனது, இன்னும் அங்கயே கெடக்கு, உள்ள 1,400 டன் வெடிமருந்து இருக்காம், மாஸ்ட் (கப்பல் கம்பம்) மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு கரையில இருந்தே தெரியுது. பாதி சரக்கை அப்பவே இறக்கிட்டாங்களாம், மீதிய ஏன் விட்டாங்க?

உப்புக்காத்து:
அது லிபர்ட்டி கப்பல் ப்ரோ. போர் நேரத்துல அமெரிக்கா ஒரே டிசைன்ல 2,700க்கு மேல கட்டித் தள்ளுச்சு, இது 1943ல ஃப்ளோரிடா ஜாக்சன்வில்ல கட்டுனது. இரும்புக் கூடெல்லாம் சேத்து 6,000 டன்னுக்கு மேல குண்டு ஏத்திக்கிட்டு, பிரான்ஸ் ஷெர்போர்க்குக்கு கூட்டமா போற கப்பல் வரிசைக்காக (கான்வாய்) நின்னுச்சு. நங்கூரம் போடச் சொன்ன எடத்துலதான் வினையே, வத்தத்துல அங்க 24 அடி தண்ணிதான், கப்பலுக்கு வேணும் 31 அடி. ஆகஸ்ட் 20 நங்கூரம் இழுபட்டு மணல்திட்டுல ஏறிடுச்சு. பக்கத்துக் கப்பல்காரங்க சைரன் அடிச்சு கத்துறாங்க, கேப்டன் தூங்குறாரு, சீஃப் ஆபீசர் எழுப்பவே இல்ல, ஏன்னு விசாரணைல கேட்டப்பவும் அவர்கிட்ட பதில் இல்ல!

23ந்தேதி இறக்க ஆரம்பிச்சாங்க, மறுநாளே முன்பக்கம் விரிசல் விட்டு ஹோல்டுல (சரக்கு வைக்குற அறை) தண்ணி ஏறிடுச்சு. பின்பக்க ஹோல்டை காலி பண்ணிட்டு செப்டம்பர் 25ஓட கைய விட்டுட்டாங்க.

மணல்திட்டு:
அப்புறம் தொடாததுக்கு காரணம் கீல்ட்செ. போலந்து கப்பல், 1946ல முங்குனது, அதுலயும் குண்டு. 1967ல ஃபோக்ஸ்டோன் பக்கம் அத கிளறப் போயி வெடிச்சு ரிக்டர்ல 4.5 காட்டுச்சு, கடலடியில 20 அடி பள்ளம். அது ஊர்ல இருந்து சில மைல் தள்ளி, இது ஷியர்னஸ்ல இருந்து ஒன்றரை மைல்தான். சும்மா விட்டதே புத்திசாலித்தனம்.

துருப்பிடிச்சவன்:
விட்டா மட்டும் சரியாயிடுமா? குண்டுக்குள்ள இருக்குற டிஎன்டி வெடிமருந்து தண்ணில கரையாது, கொத்துக் குண்டுங்கள ஃப்யூஸ் (வெடிக்க வைக்குற பாகம்) மாட்டியே ஏத்திருக்காங்க, மேல இருக்குற இரும்பு வருஷாவருஷம் இத்துப்போகுது. பக்கத்துல கப்பல் போற பாதையில கேஸ் டேங்கர் வேற போகுது. மாஸ்ட் கனம் தாங்காம கப்பல் உள்ள சரிஞ்சிடும்னு அத வெட்ட 2020ல அறிவிச்சாங்க, தள்ளித் தள்ளிப் போடுறாங்க.

ராத்திரி_ஆந்தை:
வெட்டும்போது அதிராதா?

துருப்பிடிச்சவன்:
அந்த பயம்தான் தல இழுத்தடிக்குறதுக்கு காரணம், சுத்தி மண்ணுக்குள்ள என்னென்ன கெடக்குனு மொதல்ல தேடிப் பாத்துட்டுதான் கை வைக்கணும்.